ஒஸ்போண் மாளிகை: சாந்துப் பூச்சும் சமூக வரலாறும்

ஒரு வீட்டினை வரலாற்று ஆவணமாகக் கொள்வதில் நம்மிடையே இன்னமும் ஒருவகைத் தயக்கம் நிலவுகின்றது. சாசனங்களை ஆராய்கின்றோம்; ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்குகின்றோம்; இலக்கியத்தை அது தோன்றிய காலத்து உற்பத்தி உறவுகளோடு இணைத்து நோக்கவும் பழகியுள்ளோம். ஆனால் ஒரு பழைய மாளிகையின் முன் நிற்கும்போது, அது அழகானது, பழமையானது, இன்ன பாணியைச் சார்ந்தது என்ற மூன்று கூற்றுக்களோடு அமைதியடைந்து விடுகின்றோம். பாணியின் பெயரைக் கூறுதல் விளக்கமாகாது. விளக்கப்பட வேண்டியது எது என்பதையே அது சுட்டுகின்றது.

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் அமைந்துள்ள வைற் தீவின் வடபகுதியிலே, கிழக்குக் கவுஸ் என்னும் ஊரின் அருகே, 1845ஆம் ஆண்டிற்கும் 1851ஆம் ஆண்டிற்கும் இடையில் விக்ரோறியா அரசிக்கும் அவரது கணவர் அல்பேட் இளவரசருக்குமாகக் கட்டப்பெற்ற ஒஸ்போண் மாளிகை, கட்டடக் கலை வரலாற்று நூல்களில் 'இத்தாலியச் சாயற் பாணி'க்குச் சிறந்த எடுத்துக்காட்டுக்களுள் ஒன்றாகக் கூறப்படுவதாகும். உலகின் முதலாவது கைத்தொழில் நாட்டின் அரச குடும்பம், இயந்திர உற்பத்தி உச்சநிலையை அடைந்துகொண்டிருந்த காலப்பகுதியிலே, மறுமலர்ச்சிக் கால இத்தாலியச் செல்வரின் நாட்டுப்புற மாளிகையின் தோற்றத்தைத் தனது இல்லத்திற்குத் தேர்ந்துகொண்டது ஏன்? அத்தோற்றத்தின் உள்ளே இருப்பது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றம்

கடலை நோக்கிச் சரியும் நிலத்தின் உச்சியில் மாளிகை அமைந்துள்ளது. சொலன்ற் நீரிணையின் காட்சி அல்பேட்டுக்கு நேப்பிள்ஸ் வளைகுடாவை நினைவூட்டியது என்பர். தாழ்ந்த சாய்வும் அகன்ற இறவாரமும் கொண்ட கூரை. அரைவட்ட வளைவுடைய சாளரங்கள். மேற்றளத்திலே தூண்களுடன் திறந்திருக்கும் நடைமாடம். இத்தாலிய மணிக்கோபுரங்களின் சாயலில் எழும் இரு கோபுரங்கள். இவற்றுள் ஒன்று 100 அடியைக் கடந்து உயரும் கொடிக் கோபுரம். மற்றையது மணிக்கூட்டுக் கோபுரம். கீழே, படிப்படியாக இறங்கும் தோட்டங்களும் நீரூற்றுக்களும் சிலைகளும் உள்ளன.

மாளிகையின் பகுதிகள் ஒரே அளவின அல்ல; ஒரே காலத்தில் எழுந்தனவும் அல்ல. அரச குடும்பத்தினர் வாழ்ந்த 'பவிலியன்' எனப்படும் பகுதி முதலில் எழுந்தது. அடிக்கல் 1845 யூன் மாதத்தில் நாட்டப்பட்டது. 1846 செப்ரெம்பரில் குடும்பத்தினர் அதிற் குடியேறினர். அரசவைப் பணியாளருக்கும் விருந்தினருக்கும் உரிய பகுதிகள் பின்னர் சேர்க்கப்பட்டு, 1851இல் வேலை நிறைவெய்தியது. இப்பகுதிகளின் சமச்சீரின்மையைக் கோபுரங்கள் இணைத்து நிற்கின்றன. இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கிரேக்க, உரோம மரபைப் பின்பற்றிய பழைய பிரபுத்துவ மாளிகை, நடுவே முகப்பும் இருபுறமும் ஒத்த சிறகுகளும் கொண்டு, ஒரே தடவையில் முழுமையாக வகுக்கப்பட வேண்டியதாயிருந்தது. இத்தாலியச் சாயற் பாணியோ, வசதிக்கும் பணத்திற்கும் ஏற்ப வேண்டியபோது வேண்டிய பகுதியைச் சேர்த்துக்கொள்ள இடமளித்தது. இந்நெகிழ்வே புதிய வர்க்கத்தினர் இப்பாணியை விரும்பியமைக்கான முதற் காரணமெனலாம்.

2. பாணி வந்த வழி

இத்தாலிய நாட்டுப்புற வீட்டின் வடிவத்தை இங்கிலாந்தில் முதன்முதற் கையாண்டவராக ஜோன் நாஷ் கருதப்படுகின்றார். சுறொப்சயர் மாவட்டத்திலே, 1802ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த குறொங்கில் என்னும் வீடு அத்தகையது. அப்போது அது ஓவியங்களிற் கண்ட இத்தாலிய நிலக்காட்சியை மண்ணிற் காண விழைந்த சிலரின் இரசனையாக மட்டுமே இருந்தது. 1830களில் நிலைமை மாறுகின்றது. சார்ள்ஸ் பரி என்னும் கட்டடக் கலைஞர், இலண்டனிலே 'றவலர்ஸ்' கழகத்திற்கும், பின்னர் 1837 முதல் 1841 வரை 'றிபோம்' கழகத்திற்கும் இத்தாலிய நகரமாளிகையின் வடிவத்தைக் கொடுத்தார். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால் வாக்குரிமை பெற்று அரசியலரங்கில் நிலைபெற்ற நடுத்தர வர்க்கத்தின் தாராண்மைவாதிகள் கூடிய இடம் றிபோம் கழகமென்பது தற்செயலானதன்று. புளோரன்சினதும் வெனிசினதும் வணிகக் குடும்பங்கள், பிறப்புரிமையாலன்றிப் பணத்தாலும் வாணிபத்தாலும் அதிகாரத்தை அடைந்தவை. தனக்கென நீண்ட குலமரபு இல்லாத வர்க்கமொன்று கடன் வாங்குவதற்கு இதனினும் பொருத்தமான இறந்தகாலம் வேறில்லை.

அதேவேளை பெருநிலவுடைமையாளரும் இப்பாணியைக் கைக்கொண்டனர். சதலன்ட் கோமகனுக்காக ட்ரென்ற்றம் மாளிகையைப் பரி இத்தாலியக் கோபுரத்துடன் புதுக்கியமைத்ததும் 1830களிலேயாம். சதலன்ட் நிலப்பகுதியில் 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 15,000 குடியானவர் வெளியேற்றப்பட்டு, அந்நிலம் ஆட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்டமையை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திலே விரித்துரைத்துள்ளார். ஆக, சந்தைக்காகக் கம்பளி உற்பத்தி செய்யும் நிலப்பிரபுவும், சீர்திருத்தம் பேசும் நகர நடுத்தர வர்க்கமும் ஒரே கட்டட மொழியைப் பேசத் தொடங்கியமை, அவ்விரு சாராருக்கும் இடையே உருவாகிக்கொண்டிருந்த இணக்கத்தின் கட்புலச் சான்றாகும். ஒஸ்போண் அவ்விணக்கத்தை அரச குடும்பம் வரை கொண்டு செல்கின்றது.

3. கட்டியவர் யார்?

ஒஸ்போணுக்குக் கட்டடக் கலைஞர் என்று தனியாக ஒருவர் அமர்த்தப்படவில்லை. அல்பேட்டும் இலண்டனைச் சேர்ந்த தோமஸ் கியூபிற் என்னும் கட்டட ஒப்பந்தகாரரும் இணைந்தே திட்டத்தை வகுத்தனர். அங்கிருந்த பழைய வீட்டைத் திருத்துவதிலும் புதிதாகக் கட்டுவதே இலாபமானது என ஆலோசனை கூறியவரும் கியூபிற்றே. பழைய வீடு இடிக்கப்பட்டது. அதன் முகப்பு வாயில் மட்டும் மதில் சூழ்ந்த தோட்டத்தின் நுழைவாயிலாகப் பயன்படுத்தப்பட்டது. பிரபு குடும்பமொன்றின் தலைவாயில் காய்கனித் தோட்டத்தின் வாயிலாக மாறியமை, எதையும் வீணாக்காத புதிய கணக்கறிவின் சிறு சான்றாகும்.

கியூபிற்றின் வாழ்க்கை அக்காலப் பொருளாதார மாற்றத்தின் சுருக்கம் எனத்தக்கது. 1788இல் நோபொக் பகுதியிலே தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், இந்தியாவுக்குச் சென்ற கப்பலொன்றிலே தச்சராக வேலை செய்து, அதனாற் கிடைத்த சேமிப்பைக் கொண்டு இலண்டனிலே தொழில் தொடங்கினார். அதுவரை ஒரு வீடு கட்டப்படுங்கால், கொத்தர், தச்சர், கொல்லர், பூச்சு வேலைசெய்வோர் ஆகியோரின் தலைவர்கள் தனித்தனியே ஒப்பந்தஞ் செய்வது வழக்கம். 1815ஆம் ஆண்டளவிலே கியூபிற் இவ்வழக்கத்தை உடைத்தார். எல்லாத் தொழிலாளரையும் ஒரே தொழிலகத்தில், ஒரே முதலாளியின் கீழ், நிரந்தரக் கூலிக்கு அமர்த்தினார். தன் கையாற் செய்து, தன் பெயராற் பேரம்பேசிய தலைமைக் கைவினைஞன் இவ்வாறு கூலித் தொழிலாளியாகினான்.

நிரந்தரக் கூலியாளருக்கு நிரந்தர வேலை வேண்டும். ஆதலின், கேட்பவருக்காக மட்டுமன்றி, வாங்குபவர் யாரெனத் தெரியாத நிலையிலும் தெருத்தெருவாக வீடுகளைக் கட்டுவது அவருக்கு இன்றியமையாததாயிற்று. இலண்டனின் புளூம்ஸ்பரி, பெல்கிறேவியா, பிம்லிக்கோ ஆகிய பகுதிகளில் அவர் எழுப்பிய வீட்டு வரிசைகள் இம்முறையின் விளைவுகளே. முதலாளித்துவம் வளர்ச்சியடையாத காலத்தில் வீடு தனியொருவரின் கட்டளைக்கு அமையக் கட்டப்பட்டதையும், வளர்ச்சியடைந்த காலத்தில் அது கடன்பணத்தைக் கொண்டு சந்தைக்காகக் கட்டப்படுவதையும் 'மூலதனம்' இரண்டாம் பாகத்திலே மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டும்போது, பெல்கிறேவியாவையே உதாரணமாகச் சுட்டுகின்றார். அரசியின் வீட்டைக் கட்டியவர் அவ்வுதாரணத்திற்கு உரியவர்.

இவ்வமைப்பினுள் முரண்பாடு இல்லாமலில்லை. 1834இல் இலண்டன் கட்டடத் தொழில் முதலாளிகள், தொழிற்சங்கத்தைக் கைவிடுவதாகக் கையொப்பமிடாத தொழிலாளருக்குக் கதவடைத்தனர். அப்பிணக்கு மூண்ட இடங்களுள் கியூபிற்றின் தொழிலகமும் ஒன்று. ஒரே கூரையின் கீழ்ப் பல தொழிலாளரையும் ஒன்றுசேர்த்த முதலாளி, தன்னையறியாமலே அவர்கள் ஒன்றுபடுவதற்கான களத்தையும் அமைத்துக் கொடுத்தார். 1855இல் கியூபிற் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற செல்வம் பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்டதாகும்.

4. இரும்பும் சாந்தும்

இனி, தோற்றத்தின் உள்ளே செல்வோம். ஒஸ்போணின் சுவர்கள் செங்கல்லால் ஆனவை. வெளியே அவற்றின் மேற் சீமெந்துச் சாந்து பூசப்பட்டு, செதுக்கிய கல்லைப் போலத் தோற்றமளிக்குமாறு செய்யப்பட்டுள்ளது. தளங்களைத் தாங்குவன, தீப்பற்றாமைக்காக இடப்பட்ட வார்ப்பிரும்பு விட்டங்கள். அவை கண்ணுக்குத் தெரியா. வரவேற்பு மண்டபத்தின் தூண்கள் சலவைக்கல் எனத் தோன்றினும் சலவைக்கல் அல்ல. சுருங்கக் கூறின், அமைப்பால் இவ்வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆலைக் கட்டடத்திற்கு உறவினது. பூச்சால் மட்டுமே மறுமலர்ச்சிக் கால இத்தாலிக்கு உறவினது.

இதனைப் 'போலி' என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது; அன்றைய திறனாய்வாளர் பலர் சாந்துப் பூச்சினை ஒழுக்கக்கேடாகவே கருதினர். ஆனால் ஒழுக்கத் தீர்ப்பு வரலாற்று விளக்கமாகாது. இங்கு ஒப்புநோக்க வேண்டியது வேறொரு கட்டடமாகும். ஒஸ்போண் நிறைவெய்திய அதே 1851ஆம் ஆண்டில், இலண்டன் ஹைட் பூங்காவிலே உலகக் கைத்தொழிற் பொருட்காட்சி நடைபெற்றது. அதனை நடத்திய ஆணைக்குழுவின் தலைவர் இதே அல்பேட். ஜோசப் பக்ஸ்ரன் அதற்காக அமைத்த பளிங்கு மாளிகையில் இரும்பும் கண்ணாடியும் எவ்விதப் பூச்சும் போர்வையுமின்றி வெளிப்பட நின்றன. ஒரே மனிதர், ஒரே ஆண்டில், ஓரிடத்தில் இரும்பைக் கொண்டாடுகின்றார். மற்றோரிடத்தில் அதனை மறைக்கின்றார்.

இவ்வேறுபாட்டினை இரசனையின் முரணாகக் கொள்ளலாகாது. பளிங்கு மாளிகை பண்டங்களின் காட்சிக்கூடம். உற்பத்தியாற்றலை உலகச் சந்தையின் முன் பறைசாற்றுவது அதன் தொழில். வீடோ, உற்பத்தியிலிருந்து விலகிய ஓய்வின் இடமாகக் கருதப்பட்டது. உழைக்கும் இடமும் வாழும் இடமும் வேறாகிவிட்ட சமூகத்தில், செல்வம் பிறக்கும் விதம் வீட்டினுள் நினைவூட்டப்படலாகாது. அது நிலத்தோடு பிறந்ததுபோல, தலைமுறை தலைமுறையாக இருந்துவந்ததுபோலத் தோன்ற வேண்டும். முதலாளி வர்க்கம் தனது வரலாற்றுப் பணிகளை இறந்தகாலத்தின் ஆடையணிந்தே நிறைவேற்றுகின்றது என்ற கருத்தினை மார்க்ஸ் முன்வைத்த 'பதினெட்டாம் புரூமேர்' 1852இல் வெளிவந்தது. ஒஸ்போணின் இத்தாலியச் சாந்து அத்தகையதோர் ஆடையாகும்.

எனினும் ஆடையின் அடியில் உள்ள உண்மை முற்றாக மறைந்துவிடுவதில்லை. பவிலியனின் படிக்கட்டின் உச்சியிலே, வில்லியம் டைஸ் 1847இல் தீட்டிய பெரிய சுவரோவியம் ஒன்று உள்ளது. கடற்றெய்வமாகிய நெப்ரியூன், கடலின் ஆட்சியைப் பிரித்தானியா என்னும் பெண்ணுருவிடம் ஒப்படைக்கின்றது. அவ்வுருவின் பக்கத்திலே நிற்போர் கைத்தொழில், வாணிபம், கடற்பயணம் என்னும் உருவகப் பாத்திரங்கள். மரபான அரசவை ஓவியத்தில் வீரமும் நீதியும் பக்தியும் நிற்குமிடத்தில் இம்மூன்றும் நிற்கின்றன.

5. குடும்பமும் சந்தையும்

ஒஸ்போணை அரசு கட்டவில்லை. அரச தம்பதியர் தமது தனியுடைமையாக அதனை வாங்கிக் கட்டினர். அரண்மனைகளை நிருவகித்த அரச திணைக்களங்களின் தலையீடு அற்ற, தமக்கேயுரிய வீடொன்றே அவர்களது வேட்கை. இறைமையின் இருப்பிடமாகிய அரண்மனை, குடும்பத்தின் சொத்தாகிய வீடாக மாறுவது இங்கு நிகழ்கின்றது. பவிலியனின் அறைகளிலும் இதனைக் காணலாம். அரசியின் அறையில் கணவனும் மனைவியும் அருகருகே இருந்து எழுதுவதற்கு இரு மேசைகள். பெற்றோரின் அறைகளுக்கு மேலேயே பிள்ளைகளின் அறைகள். ஆயினும் பழைய அரசவை ஒழுங்கு முற்றாக அழிந்துவிடவில்லை. அரசியின் முன்னிலையில் ஆண்கள் அமரலாகாது என்பதனால், பிலியட் விளையாட்டறை வரவேற்பறையோடு திறந்த மூலையொன்றால் இணைக்கப்பட்டது. அங்கிருப்போர் அரசியின் முன்னிலையில் இருப்பவராகவே கருதப்படுவர். ஆனால் கண்ணிற் படாமையால் அமர்ந்துகொள்ளலாம். நிலமானிய மரியாதையும் நடுத்தர வர்க்க வசதியும் ஒரு சுவர் மூலையிற் செய்துகொண்ட சமரசம் இது.

தோட்டத்திலே பிள்ளைகளுக்காகச் 'சுவிஸ் குடில்' ஒன்று 1850களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி. பெயரெழுத்துப் பொறித்த சிறு கருவிகள். அவர்கள் விளைவித்த காய்கனிகளைத் தந்தையாகிய அல்பேட் சந்தை விலைக்கு வாங்கிக்கொண்டார். இளவரசருக்குப் போரும் வேட்டையும் கற்பித்த மரபு, உழைப்பையும் விலையையும் கற்பிக்கும் மரபுக்கு இடங்கொடுத்தது. ஆனால் அப்பாத்தியில் வாடகை இல்லை, பட்டினி இல்லை, வேலை நீக்கம் இல்லை. சந்தையின் இலக்கணம் மட்டுமே கற்பிக்கப்பட்டது. அதன் துன்பம் கற்பிக்கப்படவில்லை.

அத்துன்பம் வெளியே இருந்தது. 1848 பெப்ரவரியில் பிரான்சிய மன்னன் முடியிழந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தான். ஏப்பிரில் 10ஆந் திகதி சாசன இயக்கத்தினர் வாக்குரிமை கோரி இலண்டன் கெனிங்ரன் வெளியிற் கூட்டம் கூட்டவிருந்தனர். அதற்கு இரு நாட்களுக்கு முன், ஏப்பிரில் 8ஆந் திகதி, அரச குடும்பம் தலைநகரை விட்டு ஒஸ்போணுக்குச் சென்றது. அமைதியின் இல்லம் எனப் போற்றப்படும் இம்மாளிகையின் அமைதி, தொழிலாளர் எழுச்சியிலிருந்து கடலாற் பிரிக்கப்பட்ட அமைதி என்பதனை அந்த ஏப்பிரில் மாதம் தெளிவாக்கியது.

6. தர்பார் மண்டபம்

அல்பேட் 1861இல் இறந்தார். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் விக்ரோறியா இந்தியாவின் பேரரசியென்னும் பட்டத்தைப் பெற்றார். 1890–91இல் ஒஸ்போணோடு புதிய சிறகொன்று சேர்க்கப்பட்டது. வெளியே அதே இத்தாலியச் சாந்து; உள்ளே, தர்பார் மண்டபம் எனப்பட்ட விருந்து மண்டபம், சுவரிலும் விதானத்திலும் இந்திய அலங்கார வேலைப்பாடு நிறைந்தது. லாகூர் மேயோ கலைப்பள்ளியின் தலைவர் லொக்வூட் கிப்ளிங்கின் ஆலோசனையோடு, அப்பள்ளியிற் பயின்று அங்கேயே ஆசிரியராயிருந்த பாய் ராம்சிங் இதனை வடிவமைத்தார். பஞ்சாபின் தச்சர் மரபில் வந்த அவர் நேரில் ஒஸ்போணுக்கு வந்து பணிபுரிந்தார்.

இங்கும் உற்பத்தி முறையே நமது கவனத்திற்குரியது. ராம்சிங்கின் செதுக்கு வேலைப்பாடுகள் மூல வடிவங்களாகக் கொள்ளப்பட்டு, அவற்றிலிருந்து அச்சுக்கள் எடுக்கப்பட்டு, இலண்டன் நிறுவனமொன்றினால் சுதையிலும் கடதாசிக் கூழ்க் கலவையிலும் வார்க்கப்பட்டன. கல்லும் மரமும் போலத் தோன்றுவது மீண்டும் சாந்தே. கைவினைஞனின் கை ஒருமுறை மட்டும் தேவைப்பட்டது. பின்னர் அச்சு அதனை வேண்டியமட்டும் பெருக்கிக்கொண்டது. 1845இல் இத்தாலிக்கு நேர்ந்தது 1891இல் இந்தியாவுக்கு நேர்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இத்தாலி விரும்பிக் கடன் வாங்கப்பட்ட இறந்தகாலம். இந்தியா ஆளப்பட்ட நிகழ்காலம்.

மண்டபத்திற்குச் செல்லும் நடையின் சுவர்களிலே, ஒஸ்திரிய ஓவியர் ருடோல்ப் சுவொபொடா வரைந்த இந்தியர்களின் உருவப்படங்கள் உள்ளன. அவற்றுட் சில, 1886இல் இலண்டனில் நடைபெற்ற குடியேற்ற நாடுகள், இந்தியா பற்றிய பொருட்காட்சிக்கு அழைத்துவரப்பட்ட கைவினைஞரின் உருவங்களாகும். பார்வையாளர் முன் நெய்தும் வனைந்தும் காட்டிய அவர்களுட் பெரும்பாலோர் ஆக்ராச் சிறைச்சாலையின் கைதிகள். சிறையிலேயே அத்தொழிலைப் பயின்றவர்கள். பாரம்பரிய இந்தியக் கைவினையின் பிரதிநிதிகளாக இலண்டனுக்குக் காட்டப்பட்டது சிறையுழைப்பே. பிரித்தானிய ஆலைத்துணி இந்திய நெசவின் வாழ்வைக் குலைத்த நூற்றாண்டின் இறுதியில், அக்கைவினை அரசியின் வீட்டு நடையிலே சட்டமிட்ட படமாக இடம்பெற்றது. ஓவியங்கள் மிகுந்த கவனத்தோடு தீட்டப்பட்டவை. அம்முகங்களின் கண்ணியத்தை ஓவியர் குறைக்கவில்லை. அக்கண்ணியமே அவற்றை இன்று நாம் கடந்து செல்லவொட்டாது நிறுத்துகின்றது.

7. பின்னைய வரலாறும் முடிவும்

1901 சனவரி 22ஆந் திகதி விக்ரோறியா இம்மாளிகையிலே காலமானார். அடுத்து முடிசூடிய ஏழாம் எட்வேட் இதனை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. 1902இல் நாட்டிற்கு வழங்கினார். அதன் வளவில் 1903 முதல் 1921 வரை கடற்படைக் கல்லூரியொன்று இயங்கியது. மாளிகையின் ஒரு பகுதி நோயுற்ற அதிகாரிகளின் இளைப்பாறு மனையாகியது. அரசியின் தனியறைகள் 1954இலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. 1986 முதல் ஆங்கில மரபுரிமை அமைப்பு இதனைப் பராமரித்து வருகின்றது. இதற்கிடையில் அதன் வடிவம் பேரரசெங்கும் பரவிவிட்டது. 1870களிற் கட்டப்பட்ட மெல்பேண் ஆளுநர் மாளிகையின் கோபுரம் ஒஸ்போணின் சாயலை வெளிப்படையாகவே கொண்டுள்ளது.

இவ்வரலாற்றினின்று பெறத்தக்க முடிபு யாது? பாணியைத் தூய வடிவமாகக் கொண்டு, நாஷிலிருந்து பரிக்கும், பரியிலிருந்து ஒஸ்போணுக்கும் கைமாறிய ஒன்றாகக் காணும் நோக்கு, வடிவம் ஏன் கைமாறியது என்பதைக் கூறுவதில்லை. மாறாக, பாணியைப் பொருளாதாரத்தின் வெறும் நிழலாகக் காணும் நோக்கு, அதே இரும்பு ஓரிடத்தில் வெளிப்பட்டு மற்றோரிடத்தில் மறைவதற்கு விளக்கந் தருவதில்லை. மறைத்தலும் ஒரு சமூகச் செயலே என்பதை ஏற்கும்போதுதான் ஒஸ்போண் விளங்குகின்றது. அதன் சாந்துப் பூச்சு, நிலமானியத்தோடு உடன்பாடு செய்துகொண்ட முதலாளித்துவம் தன் பிறப்பை மறைத்துக்கொண்ட திரை. தர்பார் மண்டபத்தின் சுதை, ஆளப்பட்டோரின் உழைப்பை அலங்காரமாக மாற்றிக்கொண்ட திரை.

அத்திரையைப் பூசிய கைகளும் உண்டு. அல்பேட்டின் பெயரையும் கியூபிற்றின் பெயரையும், சற்றுத் தேடினால் ராம்சிங்கின் பெயரையும் வரலாறு கூறுகின்றது. செங்கல் அடுக்கியவர், விட்டங்களை ஏற்றியவர், மலைபோன்ற சாந்தைக் கல்லாகத் தோன்றும்வரை தேய்த்து மெருகிட்டவர் ஆகியோரைக் கூலிக் கணக்கேடு மட்டுமே அறிந்திருந்தது. ஆனால் வைற் தீவின் அக்குன்றின் மீது வெயிலிற் பொன்னிறமாக நிற்பது, இளவரசரின் இத்தாலியக் கனவு மாத்திரமன்று. அது அவர்களின் கைத்திறனுமாகும். அதனை அவ்வாறு காண்பதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை அளிப்பதே கட்டடக் கலை வரலாற்றின் கடமை.